கழுத்து நாடி அடைப்பு: கத்தியா, ஸ்டென்ட்டா, குளிசையா?

ஒரு கை மரத்து, பேச்சுக் குழறி, பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் வீட்டில் இருந்துவிடாதீர்கள். திருகோணமலையில் கிண்ணியாவோ நிலாவெளியோ, எங்கிருந்தாலும் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். பெரிய பாரிசவாதம் வரும் ஆபத்து அடுத்த இரண்டு கிழமைகளில்தான் மிக அதிகம். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கேனில், மரத்த கைக்கு எதிர்ப் பக்கத்துக் கழுத்து நாடி 70 முதல் 99 சதவீதம் ஒடுங்கியிருந்தால் முதல் தெரிவு சத்திரசிகிச்சை. முழுதாக அடைத்திருந்தால் பொதுவாகத் திறப்பதில்லை.

கழுத்தைத் திறந்து, இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் ஏற்றி, நாடியைக் கவ்வியால் அடைத்து, கொழுப்புப் படிவை உட்சுவரோடு உரித்தெடுப்பார்கள். அந்நேரம் மூளைக்கு இரத்தம் போதாவிட்டால் தற்காலிகக் குழாய் வைப்பார்கள். ஒட்டுத்துண்டு வைத்துத் தைத்தால் மறுபடி ஒடுங்குவது குறையும். 1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குள் ஒடுங்கிய நாடியின் பக்கத்து மூளையில் பாரிசவாதம் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 26 சதவீதம்; சத்திரசிகிச்சை செய்தவர்களில் 9. நரம்பு நசிந்தால் குரல் கம்மும், நாக்கு ஒரு பக்கம் சாயும்; பெரும்பாலும் சில மாதங்களில் தேறிவிடும். கழுத்து வீங்கினால் மூச்சுக்குழாய் நெருக்கப்படும், அது அவசரநிலை. வீடு திரும்பிய பிறகு பிரஷர் ஏறி ஒரு பக்கத் தலையிடி கடுமையானாலோ வலிப்பு வந்தாலோ, கிளினிக் நாளுக்குக் காத்திராதீர்கள்.

ஸ்டென்ட்டுக்குக் கழுத்தைக் கிழிக்கத் தேவையில்லை. தொடை நாடி வழியாகக் கம்பி ஏற்றி, மேலே, உதிரும் படிவைப் பிடிக்க வடிகட்டி விரித்து, பலூனால் அகட்டி வலைக்குழாய் பொருத்துவார்கள். பலூன் ஊதும்போது இதயத்துடிப்பு சட்டென்று விழலாம். இரத்தக் கட்டியைத் தடுக்கும் அஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் குறைந்தது நான்கு கிழமை சேர்த்தே எடுக்க வேண்டும். 2010இல் வந்த ஒப்பீட்டு ஆய்வில், சிகிச்சையை ஒட்டிய நாட்களில் பாரிசவாதம் ஸ்டென்ட்டில் 4.1 சதவீதம், கத்தியில் 2.3, மாரடைப்பில் நிலைமை தலைகீழ், 1.1க்கு 2.3. எழுபது வயதைத் தாண்டியவர்களின் பெருநாடி பெரும்பாலும் வளைந்து சுண்ணாம்பு படிந்திருக்கும். கம்பி உரசிப் படிவு உதிர்ந்து மூளைக்குப் போகலாம். கழுத்தில் முன்பே சத்திரசிகிச்சையோ கதிர்வீச்சோ பெற்றவர்களுக்கும், மயக்கமருந்தைத் தாங்காத இதயம் உள்ளவர்களுக்கும் ஸ்டென்ட்டே பொருந்தும்.

அறிகுறி இல்லாமல் தற்செயலாகக் கண்ட ஒடுக்கத்துக்கு அவசரப்படத் தேவையில்லை. அஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டற்றின், மேல் பிரஷர் 130க்குக் கீழ், கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 70க்குக் கீழ், புகைத்தலுக்கு முற்றுப்புள்ளி: முதலில் இவை. மற்ற இரு வழிகளில் போனாலும் இவற்றை விடக்கூடாது.

சிகிச்சைக்காகக் கொழும்பு போவதென்றால் திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அறிகுறி வந்தவருக்கு அடுத்த மாதத் திகதி கிடைத்தால், திருகோணமலை வைத்தியரிடமே முந்திய திகதிக்குக் கடிதம் கேளுங்கள். இலக்கு 14 நாட்கள். ஸ்கேன் படங்களையும் கொண்டுபோங்கள், பயணத்துக்காக அஸ்பிரினை நிறுத்தாதீர்கள். சத்திரசிகிச்சை நிபுணரிடம் அவரது சொந்தக் கணக்கைக் கேட்கத் தயங்க வேண்டாம்: அறிகுறி உள்ளவர்களில் பாரிசவாதமும் மரணமும் சேர்ந்து 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அறிகுறி இல்லாதவர்களில் 3க்குள்.