மாற்றுச் சிறுநீரகமும் மூன்று மாத்திரைகளும்: நெடுங்காலப் பயன்பாட்டு அனுபவம்

அம்மாவின் சிறுநீரகம் எனக்குப் பொருத்தப்பட்டுப் பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. அன்றிலிருந்து டேக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட் ஆகிய இரண்டையும் காலை, இரவு என இருவேளையும், பிரெட்னிசொலோனைக் காலை உணவுக்குப் பின்னும் எடுத்து வருகிறேன். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகள் என்று மூன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். உண்மையில் ஒவ்வொன்றும் நோயெதிர்ப்பு அணுக்களை வெவ்வேறு கட்டத்தில் தடுக்கிறது. இது புரிந்த பிறகுதான் மருத்துவர் விதிக்கும் கட்டுப்பாடுகளுக்கான காரணங்கள் எனக்கு விளங்கின.

தாயின் திசு அடையாளங்களில் ஒரு பாதிதான் பிள்ளைக்கு வருகிறது. மறுபாதி பிள்ளையின் உடலுக்குப் பெரும்பாலும் அந்நியமே. 1954-இல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, ஒத்த இரட்டையரிடையே நடந்ததால்தான் இத்தகைய மருந்துகள் இல்லாமலே நிலைத்தது.

அந்நியத் திசுவை அடையாளம் காணும் வெள்ளணு வகையான டி அணுவுக்குள் கால்சியம் கூடி, கால்சிநியூரின் என்னும் நொதி செயல்படத் தொடங்குகிறது. அதன் விளைவாகப் பெருகும்படி ஆணையிடும் இன்டர்லூகின்-2 என்னும் புரதம் சுரந்து, அந்த அணு பல்கிப் பெருகுகிறது. டேக்ரோலிமஸ் இந்தக் கால்சிநியூரினை முடக்குகிறது. அணு சாவதில்லை, பெருகுவதற்கான ஆணை மட்டும் கிடைக்காமல் போகிறது. ஆகவே ரத்த அறிக்கையில் லிம்போசைட் (டி அணு, பி அணு ஆகியவை அடங்கிய வெள்ளணு வகை) எண்ணிக்கை சரியாக இருப்பதைப் பார்த்து, எதிர்ப்புச் சக்தி குறையவில்லை என்று யாரும் தைரியம் கொள்ள வேண்டாம்.

மைக்கோஃபினோலேட்டின் வழி வேறு. பெருகும் அணு தன் மரபுப்பொருளைப் படியெடுக்க, அதன் கட்டுமானக் கூறுகளில் ஒன்றான குவானின் தேவை. மற்ற அணுக்கள் பலவும் பழையதை மீட்டுப் பயன்படுத்திக்கொள்ளும். லிம்போசைட்டுகளோ அதைப் புதிதாகத் தயாரிப்பதையே பெரிதும் நம்பியிருக்கின்றன. அந்தத் தயாரிப்பைத்தான் இம்மருந்து தடுக்கிறது. எதிர்ப்பொருள் தரும் பி அணுக்களும் இதில் அகப்படுவதால், தடுப்பூசி போட்டாலும் பலன் குறைவாகவே கிடைக்கிறது. கொரோனா காலத்தில் எங்களைப் போன்றோருக்குக் கூடுதல் தவணை பரிந்துரைக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகளோ எங்களுக்குக் கூடவே கூடாது.

பிரெட்னிசொலோன் இன்னொரு குழப்பத்தை உண்டாக்கும். ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களை அது ஓட்டத்தில் இறக்கிவிடுவதால், தொற்று இல்லாமலே வெள்ளணு எண்ணிக்கை கூடித் தெரியலாம். காய்ச்சலையும் அது அமுக்கிவிடக்கூடும். லேசாக உடம்பு சுட்டாலும் நான் பொறுத்துப் பார்ப்பதில்லை, உடனே மருத்துவமனைக்குப் போய்விடுகிறேன்.

இரண்டாம் ஆண்டில் பிகே வைரஸ் ரத்தத்தில் தென்பட்டது. பெரும்பாலானோரின் சிறுநீரகப் பாதையில் சத்தமின்றி உறங்கும் இது, டி அணுக்களின் கண்காணிப்புத் தளர்ந்தால் தலைதூக்கி, மாற்றுச் சிறுநீரகத்தையே சிதைக்கும். இதற்கென்று உறுதியான மருந்து கிடையாது. மைக்கோஃபினோலேட்டைக் குறைத்து, அணுக்களுக்குச் சற்று இடம் கொடுத்தார்கள். உடல் மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்கும் நிராகரிப்பு வந்துவிடுமோ என்று, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினினைப் பார்த்துப் பார்த்துக் கழித்த மாதங்கள் அவை. வைரஸ் மெல்ல மெல்ல அடங்கியது.

ஒருமுறை கடுமையான வயிற்றுப்போக்கின்போது கைநடுக்கம் அதிகமாகி, காசோலையில் போட்ட கையெழுத்தே எனதாகத் தெரியவில்லை. மருந்து வெளியேறி அளவு குறைந்திருக்கும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். பரிசோதனையில் டேக்ரோலிமஸ் ஏறியிருந்தது. அதைச் சிதைக்கும் நொதி குடல் சுவரிலும் இருப்பதால், குடல் புண்பட்டால் மருந்து கூடுதலாக உள்ளே போய்விடுகிறது. பம்பளிமாஸை விலக்கச் சொல்வதும் அது அதே நொதியைத் தடுப்பதால்தான். பாக்டீரியாவுக்கான கிளாரித்ரோமைசினும் பூஞ்சைக்கான ஃப்ளுகோனசோலும் அளவை ஏற்றிவிடும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். பல் மருத்துவரிடம் போனாலும் என் மருந்துச் சீட்டைக் காட்டிய பிறகே வாயைத் திறக்கிறேன்.

இத்தனை ஆண்டுகளில் எனக்குள்ள ஒரே மனக்குறை அந்த அளவுப் பரிசோதனையைப் பற்றியது. காலை மாத்திரைக்கு முன் எடுக்கும் ரத்தம், மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. டி அணுக்கள் எவ்வளவு அடங்கியிருக்கின்றன என்பதைச் சொல்வதில்லை. ஒரே அளவில் இருக்கும் இருவரில் ஒருவருக்குத் தொற்றும் மற்றவருக்கு நிராகரிப்பும் வருவது இதனால்தான். அணுக்களின் நிலையையே நேரடியாக அளக்கும் சோதனை எங்கள் வழக்கமான பரிசோதனைப் பட்டியலில் இடம்பெறும் வரை, மருத்துவர் கிரியாட்டினினையும் சிறுநீர்ப் புரதத்தையும் வைரஸ் அளவையும் சேர்த்துப் பார்த்துத்தான் அடுத்த மாத்திரையின் அளவை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.