லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் மாஸ்டர்ஸ்: சென்னையா, டெல்லியா, சிங்கப்பூரா, நெதர்லாண்ட்ஸா?

போன மாசம் ஒரு ஜூனியர் பொண்ணு போன் பண்ணா. பி.ஆர்க், அதாவது ஆர்க்கிடெக்சர் டிகிரி, அஞ்சாவது வருஷம், தீசிஸ் முடியப்போற நேரம். "அக்கா, லேண்ட்ஸ்கேப்ல மாஸ்டர்ஸ் பண்றதுன்னு முடிவு பண்ணிட்டேன், எங்க போறதுன்னுதான் தெரியல, அப்பா லோன் போட ரெடியா இருக்காரு ஆனா போட்டா வெளிநாட்டுக்குத்தான்ங்கிறாரு"ன்னா. லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்னா கட்டடத்துக்கு வெளிய இருக்குற மண்ணு, மரம், தண்ணி, பார்க் இதையெல்லாம் டிசைன் பண்ற படிப்பு. அவகிட்ட ரெண்டு மணி நேரம் பேசுனதத்தான் இங்க எழுதுறேன். இதே கேள்விய வருஷத்துக்கு நாலு பேராவது கேக்குறாங்க, ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு ரேங்கிங் லிஸ்ட் இருக்கு, அந்த லிஸ்ட்ல மண்ணப் பத்தியோ மழையப் பத்தியோ ஒரு வரி கூட இருக்காது.

நான் அவகிட்ட முதல்ல கேட்டது, படிச்சு முடிச்சு எந்த ஊர்ல வேலை செய்யப்போறன்னுதான். பில்டிங் டிசைன் படிக்கிறவங்களுக்கு இந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமில்ல, கான்கிரீட் கணக்கு எங்க படிச்சாலும் எடுத்துட்டு வரலாம். செடி அப்படி வராது. நான் மாஸ்டர்ஸ் படிச்சது வடக்க, காலேஜ் பேர் வேண்டாம். திரும்பி வந்து ஈசிஆர்ல ஒரு வீட்டுக்கு முதல் பிளான்டிங் பிளான் போட்டேன், அங்க படிச்ச மரங்களையே லிஸ்ட் போட்டு 60 கன்னு இறக்குனோம், மணல் மண்ணு, உப்புக் காத்து, அடுத்த மே மாசம் முடியறப்ப பாதிக்கு மேல காஞ்சு நின்னுச்சு. அங்க வேலை பாத்த தோட்டக்காரர்தான் "ஏம்மா, இங்க புன்னையும் பூவரசும் வச்சிருந்தா தண்ணி ஊத்தாமயே நிக்குமே"ன்னாரு. நெய்தலுக்குப் புன்னைன்னு ஸ்கூல்ல தமிழ் வகுப்புல படிச்ச பொண்ணுதான் நான். அந்த வீட்டுக்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்டு, என் செலவுல மறுபடி கன்னு வாங்கி வச்சேன். அந்த மே மாசத்த மனசுல வச்சுத்தான் இந்த அலசல்.

சென்னைல இருந்தே ஆரம்பிக்கிறேன். அண்ணா யுனிவர்சிட்டியோட ஸ்கூல் ஆஃப் ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங்ல எம்.ஆர்க் லேண்ட்ஸ்கேப் இருக்கு, ரெண்டு வருஷம், ஃபீஸ் வெளிநாட்டோட ஒப்பிட்டா ஒரு பொருட்டே இல்ல. வெளில இதுக்குப் பெரிய பேர் இல்லன்னு பசங்க தயங்குறாங்க, ஆனா இருக்குற இடத்தப் பாருங்க. பக்கத்துலயே கிண்டி நேஷனல் பார்க், 2.7 சதுர கிலோமீட்டர்தான், ஆனா நம்ம சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு நகரத்துக்கு நடுவுல இன்னும் உயிரோட இருக்குற இடம் அது. ஒரு பக்கம் அடையாறு, தெக்க பள்ளிக்கரணை சதுப்பு நிலம், 2022-ல ராம்சர்ங்கிற உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலங்களோட பட்டியல்ல சேந்தது, அதுக்கும் அந்தப்பக்கம் ஏரி ஏரியா இருந்து இப்ப ஐடி பில்டிங்கா ஆன ஓஎம்ஆர். 2015 வெள்ளம் எந்த வழியா வந்துச்சுன்னு ஸ்டூடியோல மேப் போட்டுப் பாத்துட்டு சாயந்தரம் பஸ் ஏறிப் போய் அந்த இடத்துலயே நிக்கலாம். 2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்ப தூங்குமூஞ்சி, குல்மொஹர் மாதிரி வெளிலருந்து வந்த மரங்க எத்தனை வேரோட சாஞ்சுதுன்னு இந்த ஊர்ல இருந்தவங்களுக்குத் தெரியும், ஒரு லேண்ட்ஸ்கேப் மாணவனுக்கு அதவிடப் பெரிய பாடம் வேணுமா? குறைன்னு பாத்தா வெளிநாட்டு ஆபீஸ்கள்ல இந்த டிகிரிக்குத் தனி மவுசு கிடையாது, நல்ல போர்ட்ஃபோலியோதான் பேசணும்.

டெல்லி எஸ்பிஏ, அதாவது ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர், வேற மாதிரி. நம்ம நாட்டுல லேண்ட்ஸ்கேப்ப தனித் தொழிலா நிறுத்துனதுல அந்த டிபார்ட்மெண்டுக்கு ரொம்பப் பெரிய பங்கு இருக்கு. அங்க பல வருஷம் சொல்லிக்குடுத்த முகமது ஷஹீர், இங்கிலாந்துல ஷெஃபீல்டுல லேண்ட்ஸ்கேப் படிச்சுட்டு வந்தவர், அவர் டிசைன் பண்ணதுதான் ஹுமாயூன் கல்லறைக்குப் பக்கத்துல இருக்குற சுந்தர் நர்சரி. கிட்டத்தட்ட 90 ஏக்கர், 2018 பிப்ரவரில மக்களுக்குத் திறந்தாங்க, அதப் பாக்க அவர் இல்ல, 2015-லயே காலமாயிட்டாரு. நடுவுல நேரா ஓடுற அந்தத் தண்ணிப் பாதையில நடந்தா முகலாயத் தோட்டத்த இவர் எப்படி இந்தக் காலத்து ஆளுக்குப் புரியுற மாதிரி மாத்திச் சொல்லியிருக்காருன்னு தெரியும், நான் முதல் தடவை போனப்ப மூணு மணி நேரம் வெளியவே வரல. வரலாற்று இடங்கள், கோட்டை, கல்லறை, கோயில் சுத்துப்புறம், இந்த மாதிரி ஹெரிட்டேஜ் வேலைல ஆசை இருந்தா டெல்லிய நான் முதல்ல சொல்லுவேன். சேர்றதுக்கு கேட்ங்கிற தேசிய அளவு பரீட்சை வேணும், ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங் பேப்பர். கேட் ஸ்கோரோட முழுநேரமா சேர்றவங்களுக்கு மாசம் 12,400 ரூபா உதவித்தொகைன்னு ஒண்ணு இருக்கு, சேரப்போற இடத்துல அது கிடைக்குமான்னு கவுன்சலிங் முன்னாடியே கேட்டுக்கோங்க, வீட்ல பணம் கேக்கத் தயங்குற பிள்ளைங்களுக்கு அது சின்ன விஷயம் இல்ல.

அகமதாபாத் செப்ட் யுனிவர்சிட்டியும் நல்ல இடம்தான், ஸ்டூடியோ கல்ச்சர் பிரமாதம், ஃபீஸ் மட்டும் கவர்மெண்ட் காலேஜ விட ரொம்ப அதிகம். அங்க போனா சபர்மதி ரிவர்ஃப்ரண்ட தினமும் பாக்கலாம், 2012-ல திறந்தது, ரெண்டு கரையிலயும் 11 கிலோமீட்டருக்கு மேல கான்கிரீட் கரை. அத ஏன் சொல்றேன்னா அடுத்து வர்ற சிங்கப்பூர் கதை நேர் எதிர்.

சிங்கப்பூர் நேஷனல் யுனிவர்சிட்டில (என்யூஎஸ்) எம்எல்ஏ, அதாவது மாஸ்டர் ஆஃப் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர், ரெண்டு வருஷம். சிங்கப்பூரோட பெரிய பாடம் காலேஜுக்குள்ள இல்ல, பீஷான் அங் மோ கியோ பார்க்ல இருக்கு. அங்க களாங் ஆறு 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாயாத்தான் ஓடிட்டு இருந்துச்சு, அந்தக் கான்கிரீட்ட உடைச்சு எடுத்து 3.2 கிலோமீட்டர் வளைஞ்சு நெளிஞ்சு ஓடுற ஆறா மாத்துனாங்க, 2012-ல வேலை முடிஞ்சுது. வெயில் நாள்ல ஆத்தோரப் புல்வெளி பூரா மக்கள் உக்காந்திருப்பாங்க, மழை வந்தா அதே புல்வெளிதான் ஆறு. கரை அரிக்காம இருக்க எந்தச் செடி, எந்தக் கட்டு முறை நிக்கும்னு ஒரு கிளை ஓடைல பத்து விதமா சோதிச்சுப் பாத்துட்டுத்தான் பெரிய ஆத்துல கை வச்சாங்க, அந்தப் பொறுமைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. நம்ம ஊர்ல ஒரு கால்வாய்க்கு சுவர் எழுப்புற முன்னாடி யாராவது ஒரு சீசன் காத்திருந்து பாத்தா எவ்வளவு நல்லா இருக்கும்.

சிங்கப்பூர் நம்மாளுக்கு ஒட்டிப்போகும், தெருவுல தூங்குமூஞ்சி மரம் நிக்குது, தமிழ் காதுல விழுது, வெயில் புழுக்கம் எல்லாம் பழகுனதுதான். ஆனா இதுலயே ஒரு ஆபத்து இருக்கு. அங்க வருஷத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல மழை, அதுவும் வருஷம் முழுக்கப் பரவிப் பெய்யும். சென்னைல சுமார் 1,400, அதுல பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையிலயே கொட்டித் தீத்துட்டு அப்புறம் மாசக்கணக்கா வானம் பாத்து நிக்கணும். அங்க சுவர்ல, மாடில, பாலத்துல எல்லாம் பச்சையா தொங்குறத அப்படியே இங்க கொண்டுவந்து மாட்டுனா மெட்ரோ வாட்டர் லாரிதான் அதுக்கு மழை. மரம் ஒரே மரமா இருந்தாலும் வறட்சிக்கு டிசைன் பண்றது அங்க பழகாது, அத இங்க வந்துதான் கத்துக்கணும்.

நெதர்லாண்ட்ஸ்ல ரெண்டு இடம் பேசப்படும். டெல்ஃப்ட் டெக்னிக்கல் யுனிவர்சிட்டில லேண்ட்ஸ்கேப் மாஸ்டர்ஸுக்குள்ள ஒரு பிரிவு, கொஞ்சம் ஆர்க்கிடெக்சர், அர்பன் டிசைன் பக்கம் சாஞ்சிருக்கும். வாகனிங்கன் விவசாயப் பல்கலைக்கழகமா வளந்தது, அங்க லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சரும் பிளானிங்கும் ஒரே மாஸ்டர்ஸ்ல, மண்ணு, நீர், சூழலியல் ஆளுங்க பக்கத்து பில்டிங்லயே. ரெண்டும் ரெண்டு வருஷம். நம்மள மாதிரி ஐரோப்பாவுக்கு வெளிலருந்து போறவங்களுக்கு வருஷத்துக்கு சுமார் 20 ஆயிரம் யூரோ டியூஷன், தங்குற செலவு தனி, வீடு கிடைக்கிறது உண்மையிலயே கஷ்டம். முடிச்சதும் வேலை தேட ஒரு வருஷ பெர்மிட் தர்றாங்க.

இவ்வளவு செலவு பண்ணி அங்க என்ன இருக்குன்னா, தண்ணியோட பேசுற விதம் இருக்கு. 1995-ல ஆறுங்க பெருகி ரெண்டரை லட்சம் பேர வீட்ட விட்டு வெளியேத்துனாங்க. அதுக்கப்புறம் கரைய இன்னும் உசத்திக்கிட்டே போறதுக்குப் பதிலா ஆத்துக்கு இடம் விடுறதுன்னு முடிவு பண்ணி முப்பதுக்கும் மேல இடங்கள்ல வேலை பாத்தாங்க. நைமேகன்ல வால் ஆத்தோட கரைய 350 மீட்டர் உள்ள தள்ளி புதுசா ஒரு கிளைக் கால்வாய் வெட்டி நடுவுல ஒரு தீவு, அதுல பார்க். இஞ்சினியர், லேண்ட்ஸ்கேப் ஆள், ஊர்க்காரங்க எல்லாரும் ஒரே மேசைல உக்காந்து வரைஞ்ச வேலை அது. அந்த மேசைல எப்படி உக்காறதுங்கிறத கத்துக்கத்தான் நெதர்லாண்ட்ஸ் போகணும்னு சொல்லுவேன், செடி கத்துக்க இல்ல. சென்னைக்கும் அவங்களுக்கும் நேரடித் தொடர்பே இருக்கு, 2018-ல அவங்க ஆரம்பிச்ச வாட்டர் அஸ் லெவரேஜ் திட்டத்துல எடுத்த மூணு ஆசிய நகரங்கள்ல சென்னையும் ஒண்ணு, ஆயிரம் குளங்களோட நகரம்ங்கிற யோசனை அதுல வந்ததுதான்.

ஆனா ஒண்ணு மறக்காதீங்க. அவங்க கரை தண்ணி உள்ள வராம இருக்கக் கட்டுனது. நம்ம ஏரிக்கரை தண்ணி வெளிய போகாம இருக்கக் கட்டுனது. தமிழ்நாட்டுல 39 ஆயிரத்துக்கும் மேல ஏரி இருக்கு, ஒரு ஏரி நெறஞ்சா மிச்சத் தண்ணி கலிங்குங்கிற வழிஞ்சு ஓடுற இடம் வழியா அடுத்த ஏரிக்குப் போற மாதிரி சங்கிலியா கோத்து வச்சுட்டுப் போயிருக்காங்க. மதகு, கலிங்கு, வரத்து வாய்க்கால் இதெல்லாம் தெரிஞ்சுட்டு வாகனிங்கன் போற பிள்ளை அங்க எல்லாரையும் விட பெரிய கேள்வி கேக்கும். தெரியாம போற பிள்ளை டச்சு பதிலோட திரும்பி வரும்.

அமெரிக்கா பத்திக் கொஞ்சம். இந்தப் படிப்புக்கே வேர் அங்கதான், ஹார்வர்டுல 1900-ல ஆரம்பிச்சாங்க. பி.ஆர்க் முடிச்சவங்களுக்கு அங்க ரெண்டு வருஷ எம்எல்ஏ இருக்கு, மத்தவங்களுக்கு மூணு வருஷம். பாட்டனி, அக்ரி, இங்கிலிஷ் லிட்ரேச்சர் எது படிச்சிருந்தாலும் அந்த மூணு வருஷ வழி திறந்திருக்கு, நம்ம ஊர்ல எம்.ஆர்க்னாலே பி.ஆர்க் கேப்பாங்க, அதனால பி.ஆர்க் இல்லாதவங்க அமெரிக்காவ கண்டிப்பா பாருங்க. 2023 ஜூலைல லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர ஸ்டெம், அதாவது அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளோட பட்டியல்ல சேத்தாங்க, அதால படிச்சு முடிச்சதும் அங்க வேலை பாக்கக் கிடைக்கிற ஒரு வருஷ ஓபிடி அனுமதிக்கு மேல இன்னும் 24 மாசம் கிடைக்க வழி வந்துச்சு, விசா விஷயம் மாறிக்கிட்டே இருக்கு, அப்ளை பண்றப்ப மறுபடி பாத்துக்கோங்க. ஹார்வர்டு மாதிரி இடத்துல டியூஷன் மட்டுமே வருஷத்துக்கு 50 ஆயிரம் டாலருக்கு மேல, இந்தியா திரும்பி வந்து இங்க வாங்குற சம்பளத்துல அந்த லோன அடைக்கிறது நடக்காத காரியம்னே நினைக்கிறேன். அங்கயே இருந்து லைசென்ஸ் பரீட்சை எழுதித் தொழில் பண்றதா இருந்தா மட்டும் போங்க. அங்க லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்டுக்குத் தனி லைசென்ஸ் உண்டு, நம்ம நாட்டுல அப்படித் தனியா கிடையாது, இங்க உங்க பேர நிறுத்துறது நீங்க வச்ச மரம் நிக்குறதுதான்.

ஷெஃபீல்டு பூச்செடி, புல்வெளி டிசைனுக்கு உலகத்துலயே முதல் வரிசை, 2012 லண்டன் ஒலிம்பிக் பார்க்ல அந்தப் பூக்காட்டப் போட்டதே அங்க இருந்த பேராசிரியர்ங்கதான், ஆனா குளிர் நாட்டுச் செடி. ஜெர்மனி ஃபீஸ் கம்மின்னு நம்பிப் போறவங்க யுனிவர்சிட்டிக்கு யுனிவர்சிட்டி பாக்கணும், மியூனிக் டெக்னிக்கல் யுனிவர்சிட்டி 2024-லருந்து நம்மகிட்ட ஃபீஸ் வாங்குறாங்க.

அந்தப் பொண்ணுக்கு ஊர் செங்கல்பட்டு பக்கம், திரும்பி வந்து ஏரி வேலைதான் பண்ணணும்னு ஆசை. அதனால சென்னை, டெல்லி ரெண்டுக்கும் அப்ளை பண்ணு, ரெண்டு வருஷம் இங்க மண்ணப் படி, அப்புறம் ஆசை இருந்தா நெதர்லாண்ட்ஸுக்கு ஒரு ஆபீஸ் வேலையாவோ சின்ன கோர்ஸாவோ போ, லோன் அப்ப பாத்துக்கலாம்னு சொன்னேன், அப்பாகிட்டயும் பேசுனேன். இப்ப கேட் பரீட்சைக்குப் படிக்கிறா. ஞாயித்துக்கிழமை ஆனா அவங்க ஊர் ஏரிக்கரைல நடந்து, நிக்குற மரம் செடி பேரெல்லாம் ஆடு மேய்க்கிறவங்ககிட்ட கேட்டு எழுதி அனுப்பச் சொல்லியிருக்கேன். போன வாரம் 31 செடி, மரத்தோட பேர் எழுதி வந்துச்சு, அதுல நாலு எனக்கே தெரியாதது.