கடைசிப் பக்கங்களைப் புரட்டாமல் ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

அமெரிக்காவில் ஃபிரான்சைஸ், அதாவது ஒரு நிறுவனத்தின் பெயரில் கடை நடத்தும் உரிமை, எடுக்கப் போகிறவர்களுக்கு இது. "எல்லா மாநிலத்துக்கும் இதே ஒப்பந்தம்தான், ஒரு வரிகூட மாறாது" என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால் நம்பாதீர்கள். பல மாநிலங்களுக்கு அந்த நிறுவனமே வேறு வாசகம் எழுதி, மாநில அடெண்டம் (பின்னிணைப்பு) என்ற பெயரில் ஒப்பந்தத்தின் வாலில் கோத்து வைத்திருக்கும்.

நீங்கள் கையெழுத்திடவோ பணம் கட்டவோ 14 நாள் முன்பே எஃப்.டி.டி. என்ற விவர ஆவணத்தை நிறுவனம் தந்தாக வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அதில் 23 ஐட்டங்கள். தகராறு விஷயம் ஐட்டம் 17 அட்டவணையில் வரும் என்று அதை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர் தீர்ப்பு), வழக்கு நடக்கும் ஊர், எந்த மாநிலச் சட்டம், மூன்றுக்கும் அதில் வரிசை உண்டு. நஷ்டஈட்டு உரிமையைக் கைவிடுவதற்குத் தனி வரிசையே கிடையாது. ஒப்பந்தத்திலேயே தேட வேண்டும்.

அங்கே இப்படி இருக்கும்: தண்டனை நஷ்டஈடு (தவறு செய்தவரைத் தண்டிக்கக் கூடுதலாக விதிப்பது), விளைவு நஷ்டஈடு (இழந்த லாபம் போன்ற பின்விளைவுகளுக்கானது) இரண்டையும் இரு தரப்பும் கைவிடுகிறார்கள். 'இரு தரப்பும்' என்பதைப் பார்த்து நியாயம்தானே என்று தோன்றும். அடுத்த வரியைப் படியுங்கள். டிரேட்மார்க் வழக்கும், பாதியில் கடையை மூடினால் நிறுவனத்துக்கு வரவேண்டிய வருங்கால ராயல்டியும் (விற்பனையில் அதன் பங்கு) விதிவிலக்காகியிருக்கும். மாதம் 40,000 டாலர் விற்பனை, 6% ராயல்டி என்றால் 2,400. அதை 24 மாதத்தால் பெருக்கும் ஒப்பந்தம் சாதாரணம்: 57,600 டாலர். கடை நஷ்டத்தில் மூடினாலும் கட்ட வேண்டும். கடை தராவிட்டால் நாங்களே தருகிறோம் என்ற தனிநபர் உத்தரவாதத்தில் கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்டிருந்தால் கம்பெனி என்ற கவசமும் உதவாது.

இதோடு ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்ற ஷரத்தும் சேர்ந்தால்தான் ஆபத்து முழுமையாகிறது. வருமானத்தைப் பற்றிச் சொன்னது பொய் என்று தெரியவே பெரும்பாலும் இரண்டாம் வருடம் ஆகிவிடும்.

மாநிலம் மாறினால் நிலைமை மாறும். தண்டனை நஷ்டஈட்டைக் கைவிடச் சொல்வதையும், ஜூரி (பொதுமக்கள் குழு) முன் விசாரணை கேட்கும் உரிமையை விடச் சொல்வதையும், வழக்குக் காலத்தைக் குறுக்குவதையும் வடக்கு டகோட்டா நியாயமற்றவை என்று கருதுகிறது. மினசோட்டா ஜூரி உரிமையை விடச் சொல்லவும், முன்கூட்டியே நிர்ணயித்த நஷ்டஈட்டுக்குச் சம்மதம் வாங்கவும் விடாது. இந்தியானா, ஒப்பந்த மீறலுக்கான வழக்கை எந்த வகையிலும் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது. இல்லினாயில் வெளிமாநில நீதிமன்றம் என்ற ஷரத்து செல்லாது. வெளிமாநில ஆர்பிட்ரேஷனுக்கு அந்தத் தடை இல்லை. கலிபோர்னியாவில் தகராறு வருமுன்னே ஜூரியை விட்டுக்கொடுத்தால் செல்லாது, ஆனால் ஆர்பிட்ரேஷனுக்குச் சம்மதித்தால் ஜூரி தானாகப் போய்விடும். அதைத்தான் நிறுவனங்கள் செய்கின்றன.

டெக்சாஸில் கடை போடுகிறவருக்குப் பெரும்பாலும் இப்படி ஒரு அடெண்டமே இருக்காது. எஃப்.டி.டி. பற்றிய மத்திய விதியை நிறுவனம் மீறியதற்காக அந்த விதியின்கீழ் நீங்களே வழக்குப் போடவும் முடியாது.

அடெண்டம் இருந்தாலும் அதன் கடைசிப் பத்தியைப் பாருங்கள். அந்த மாநிலச் சட்டம் இந்த அடெண்டத்தைச் சாராமல் தானாகவே பொருந்தினால் மட்டுமே இது செல்லும் என்று இருக்கும். நீங்கள் வசிக்கும் இடமும் கடை இருக்கும் இடமும்தான் அங்கே கேள்வி. உங்கள் எல்.எல்.சி.யை (கடை நடத்த நீங்கள் தொடங்கும் கம்பெனி) எங்கே பதிவு செய்தீர்கள் என்பது பெரும்பாலும் உதவாது.

அடெண்டம் எஃப்.டி.டி.யோடு மட்டும் இருந்தால் போதாது. ஒப்பந்தத்தோடு இணைத்து இரு தரப்பும் கையெழுத்திட்ட நகலை வாங்குங்கள். மோசடிக்கு இந்த நஷ்டஈட்டுக் கைவிடல் பொருந்தாது என்று ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள். வழக்குப் போடும் கெடுவை ஒரு வருடத்திலிருந்து மூன்றாக்கக் கேளுங்கள். நீங்கள் கேட்காமல் அவர்களே முக்கிய ஷரத்தை மாற்றினால், மாற்றிய பிரதி 7 நாள் முன்பே உங்கள் கைக்கு வர வேண்டும். ஐட்டம் 20-இல் சென்ற நிதியாண்டில் வெளியேறியவர்களின் பட்டியல் இருக்கும். அவர்களைக் கூப்பிட்டு, மூடும்போது எத்தனை மாத ராயல்டி கேட்டார்கள் என்று விசாரியுங்கள். பேசவே கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.