கிரெடிட்டை எண்ணுவதா, செல்வ எண்ணை உருட்டுவதா?

விண்வெளி ரோல்பிளே (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) தொடங்கும் குழுக்கள் பல பணக்கணக்கில்தான் முதலில் தடுமாறுகின்றன. டிராவலர் (1977) என்ற விளையாட்டு ஒவ்வொரு கிரெடிட்டையும், அதாவது அதன் காசை, எழுதச் சொல்கிறது. டி20 மாடர்ன் (2002), அப்புறம் வந்த டி20 ஃபியூச்சர், இரண்டிலும் காசை எண்ணுவதில்லை, பாத்திரம் எவ்வளவு வசதியானது என்று காட்டும் ஒரு செல்வ எண் மட்டும்தான்.

வாங்கும்போது
டிராவலர்: விலையைக் கழித்தால் போதும், ஆனால் தோட்டா வரை கழிக்க வேண்டும்.
டி20: பொருளின் விலையைக் குறிக்கும் எண் உங்கள் செல்வ எண்ணுக்குள் இருந்தால் உருட்டாமலே கிடைக்கும், தாண்டினால் இருபது முகப் பகடையை உருட்டி அதோடு செல்வ எண்ணைக் கூட்டிப் பொருளின் எண்ணை எட்ட வேண்டும், ஜெயித்துப் பொருள் வந்தாலும் செல்வ எண் குறையும்.

ஓட்டை
டி20: சின்னப் பொருளை எத்தனை வாங்கினாலும் பை காலியாகாது, ஆட்டத்தை நடத்துபவர்தான் போதும் என்று சொல்ல வேண்டும்.
டிராவலர்: கணக்கில் ஓட்டை இல்லை, நேரம்தான் போகும்.

கப்பல் கடன்
டிராவலர்: விலையில் 240-ல் ஒரு பங்கு மாதத் தவணை, 480 மாதம், அதாவது 40 வருடம். அடுத்த சரக்கு எங்கே, அந்த ஆபத்தான வேலையை ஏற்பதா வேண்டாமா என்று ஆட்டத்தையே ஓட்டுவது இந்தக் கடன்தான், எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.
டி20: இந்த நெருக்கடி வராது.

வணிகக் கதை என்றால் டிராவலர் முறை. துப்பறிதல், போர் என்றால் செல்வ எண்ணே சரி.