இசட்பி மேத் ஓப்பன்: உகப்பாக்க ஆய்வாளருக்கு எவ்வளவு உதவும்?

பாளையங்கோட்டையிலோ அபிஷேகப்பட்டியிலோ இருந்து உகப்பாக்கக் கணிதத்தில் (ஆப்டிமைசேஷன்; கட்டுப்பாடுகளுக்குள் மிகச் சிறந்த தீர்வைத் தேடும் துறை) ஆய்வு செய்யும் மாணவர், கணித ஆய்விதழ்க் கட்டுரைகளைக் காசு கட்டாமல் நம்பித் தேடக்கூடிய தரவுத்தளம் எது என்று கேட்டால், இசட்பி மேத் ஓப்பனைத்தான் (zbMATH Open) சொல்வேன். 1931இல் ஜெர்மனியில் தொடங்கிய இந்த மதிப்புரைச் சேவை, 2021 ஜனவரியில் எல்லோருக்கும் இலவசமானது. இதே வகைச் சேவையான அமெரிக்கக் கணிதக் கழகத்தின் மேத்சைநெட் இன்றும் சந்தாவில்தான் கிடைக்கிறது. சிறிய கல்லூரி நூலகத்துக்கு அந்தச் சந்தா கட்டுபடியாவதில்லை.

இதன் பெரிய பலம், கட்டுரையின் உட்துறையைக் குறிக்கும் பாடப் பகுப்பு எண். 90சி25 (90C25) என்று இட்டால் குவி உகப்பாக்கம், 90சி10 என்று இட்டால் முழு எண் திட்டமிடல் என்று கட்டுரைகள் பிரிந்து வந்து நிற்கும். ஆண்டு, இதழ் வாரியாக மேலும் சுருக்கலாம். ஆசிரியர் பக்கத்தில் மேற்கோள்கள் (அவர் கட்டுரைகளைப் பிறர் தம் கட்டுரைகளில் சுட்டியவை) எந்த ஆண்டில், எந்த இதழில், எந்தத் துறையில் வந்தன என்பதும் தெரியும். பெக், டெபூல் இருவரும் 2009இல் பட மீட்பை மனத்தில் வைத்து வெளியிட்ட விரைவு வழிமுறை போன்ற ஒன்று பிற துறைகளுக்குப் பரவியதை அறிய, மொத்த எண்ணிக்கையைவிட இந்தத் துறைவாரிப் பிரிப்பே உதவுகிறது.

எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. துகள் திரள் முறை பற்றிய 1995ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு கூகுள் ஸ்காலர் பல்லாயிரக்கணக்கில் மேற்கோள் காட்டும். அவற்றில் பெரும்பகுதி பொறியியல் இதழ்களைச் சேர்ந்தவை என்பதால் இங்கே அந்த அளவு வராது. இயந்திரக் கற்றல் மாநாடுகளிலிருந்து வருபவையும் முழுமையாகச் சேர்வதில்லை. எல்லாக் கட்டுரைகளுக்கும் துணைநூற்பட்டியல் ஏற்றப்படவும் இல்லை. ஆகவே துகள் திரள் போன்ற மீயூக முறைகளில் (நிரூபணத்தைவிட நடைமுறைத் தேடலை நம்பும் முறைகள்) உழைப்பவருக்கு இந்த அளவுகோல் அநியாயம். குவி, நேரியலல்லாத கோட்பாட்டில் உழைப்பவருக்கு ஸ்காலரைவிட இதுவே நேர்மையானது என்பது என் கணிப்பு. 1902இல் வந்த ஃபார்க்காஷின் தேற்றம் இன்றும் பயன்படும் துறையில், கடந்த இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு வந்த மேற்கோளை மட்டும் வைத்து இதழை எடைபோடுவதே எனக்கு உடன்பாடில்லை. கணிதத்தில் எண்ணிக்கையைச் செயற்கையாக ஏற்றுவது எளிது என்பதால், 2023இல் மேற்கோள் தரவுகளை வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம் அதிக மேற்கோள் பெற்றோர் பட்டியலிலிருந்து கணிதப் பிரிவையே விலக்கியது.

நம் ஊர்ப் பெயர்கள் எந்தத் தரவுத்தளத்துக்கும் சோதனைதான். எம். இசக்கிமுத்து ஓர் இதழில் இசக்கிமுத்து எம். ஆகவும், இன்னொன்றில் தகப்பனார் பெயரை விரித்தும் அச்சாவார். அதே இனிஷியலில் வேறொருவரும் இருப்பார். இசட்பி மேத்தில் ஆசிரியர் பக்கத்தைத் திருத்தக் கோர வழி இருக்கிறது. முதல் கட்டுரை ஏறியதுமே அதைச் சரிபார்ப்பது நல்லது.

பணி நேர்முகத்தில் பெரும்பாலும் ஸ்கோபஸ் என்ற வேறொரு தரவுத்தளத்தின் மேற்கோள் எண்ணைத்தான் கேட்பார்கள். அதைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆய்வேட்டின் முன்னாய்வு இயலை எழுத உட்காருபவர் மட்டும் இசட்பி மேத்தில் தேடாமல் எழுத வேண்டாம்.