கின்சியா, ஹூக்கரா?

பாலுறவு பற்றிய சமூகத்தின் பார்வையை மாற்றியவர் யார் என்றால், பலரும் ஆல்ஃபிரெட் கின்சியைத்தான் சொல்வார்கள். நியாயம்தான். குளவிகளை ஆராய்ந்துவந்த இந்த அமெரிக்க விலங்கியலாளரும் அவர் குழுவும் சுமார் 18,000 பேரிடம் நேரில் உட்கார்ந்து பேசினார்கள். 'செய்ததுண்டா?' என்று கேட்கமாட்டார், 'முதன்முதலில் எப்போது?' என்பார். பதில்கள் குறியீடாக ஒரே தாளில் அடங்கிவிடும். ஆண்களைப் பற்றிய நூல் 1948-இல் வந்தது, பெண்களைப் பற்றியது 1953-இல். 'நான் மட்டும்தான் இப்படியோ' என்று மருகியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனால் ஆட்களைச் சேர்த்த விதத்தில் குறை உண்டு; சிறைக் கைதிகள் அதிகம்.

அமெரிக்க உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கர் தன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது வெறும் 60 ஆண்கள். தற்பாலீர்ப்பு உள்ளவர்கள் 30, இல்லாதவர்கள் 30. எண்ணிக்கை சின்னதுதான், ஆனாலும் எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. வயது, படிப்பு, அறிவுத்திறன் எல்லாம் ஜோடி ஜோடியாகப் பொருந்தும்படி பார்த்துக்கொண்டார். அப்புறம், மைக்கறையைக் காட்டி 'இதில் என்ன தெரிகிறது?' என்று கேட்டு மனதை அறியும் மைக்கறைச் சோதனையின் பதில்களை, யாருடையது என்று சொல்லாமல் நிபுணர்களிடம் கொடுத்தார். யார் எந்தப் பிரிவு என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆய்வு 1957-இல் வெளியானது. 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தற்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியபோது, அதற்கு வழி திறந்தவற்றுள் இந்த ஆய்வும் ஒன்று.