பயணப் பையில் ஒரு எச்டிஎம்ஐ அடாப்டர்

மடிக்கணினியின் யுஎஸ்பி-சி துளையில் செருகி, எச்டிஎம்ஐ கேபிள் வழியாகத் தொலைக்காட்சியில் படம் பார்க்க உதவும் சிறிய அடாப்டர் ஒன்றைச் சில மாதங்களாகப் பயணங்களில் பயன்படுத்தி வருகிறேன். ஒரு சாண் நீளம்கூட இல்லாத கம்பி, அதன் முனையில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, அதில் தொலைக்காட்சிக்கு ஒன்று, பென்டிரைவுக்கு ஒன்று, சார்ஜருக்கு ஒன்று என மூன்று துளைகள். இதே அமைப்பு பல பெயர்களில் விற்கப்படுவதால், நான் சொல்லப்போவது எந்த நிறுவனத்தின் அடாப்டருக்கும் ஏறக்குறைய பொருந்தும்.

வாங்குவதற்கு முன் மடிக்கணினியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். யுஎஸ்பி-சி வடிவத்தில் இருக்கும் துளைகள் எல்லாம் படத்தை வெளியே அனுப்புவதில்லை. ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ என்ற வசதி உள்ளவை மட்டுமே அனுப்பும். துளையின் அருகே தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ டிஸ்ப்ளேபோர்ட்டின் குறியோ இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலைப் பார்ப்பது நல்லது. மடிக்கணினியிலேயே எச்டிஎம்ஐ துளை இருப்பவர்களுக்கு இந்தச் செலவே தேவையில்லை.

பெட்டியின் மீது பெரிய எழுத்தில் ‘4கே’ என்று அச்சிட்டிருப்பார்கள். எச்டிஎம்ஐ 1.4 வகையில் அது நொடிக்கு 30 முறை மட்டுமே புதுப்பிக்கப்படும் படம். 60 வேண்டுமானால் 2.0 வகையை வாங்க வேண்டும். விடுதித் தொலைக்காட்சியில் படம் பார்ப்பதற்கு மட்டும் என்றால் 1080பி தரமே போதும் என்பதால், அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். மாறாக, எச்டிசிபி என்னும் நகல் தடுப்பு முறையை அடாப்டர் ஏற்கிறதா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஏற்காத மலிவு அடாப்டரில் சந்தாச் செயலிகளின் படங்களை ஓடவிட்டால், வசனம் கேட்கும், துணைத்தலைப்பும் ஓடும், ஆனால் திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும்.

இவையெல்லாம் சரியாக இருந்தாலும், உண்மையான சிக்கல் விடுதி அறையின் சுவரில்தான் இருக்கிறது. தொலைக்காட்சியைச் சுவரோடு ஒட்டி மாட்டியிருப்பார்கள். பின்புறத் துளைக்கும் சுவருக்கும் இடையே இரண்டு விரல் நுழைவதே கடினம். தடித்த உறை போட்ட கேபிள் அந்த இடத்தில் வளையவே வளையாது. அப்படியே செருகிவிட்டாலும், அறையில் இருப்பது செட்டாப் பாக்ஸின் ரிமோட் மட்டுமே என்பதால் உள்ளீட்டை மாற்றும் பொத்தானைக் காண முடியாது. சில பெரிய விடுதிகளில் ‘ஹோட்டல் மோட்’ அமைப்பின் மூலம் அந்த வசதியையே பூட்டி வைத்திருப்பார்கள். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. செட்டாப் பாக்ஸிலிருந்து தொலைக்காட்சிக்குச் செல்லும் எச்டிஎம்ஐ கேபிளை, தொலைக்காட்சிப் பக்கத்தில் தொடாமல் பாக்ஸின் பக்கத்தில் மட்டும் கழற்றி அடாப்டரில் செருகிவிட்டால், உள்ளீடு ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதால் ரிமோட்டே தேவைப்படாது. (அறையைக் காலி செய்யும்போது மறக்காமல் பழையபடி மாட்டிவிடுங்கள்.) அந்தக் கேபிள் கட்டில்வரை எட்டாது என்பது வேறு விஷயம், அதனால் மூன்று மீட்டர் நீளமுள்ள மெல்லிய கேபிள் ஒன்றையும் உடன் வைத்துக்கொள்வது நல்லது.

விண்டோஸ் விசையோடு ‘பி’யை அழுத்தி, இரண்டாம் திரையை மட்டும் தேர்ந்தெடுத்தால் படம் திரை முழுவதும் வரும். ஒலி மடிக்கணினியிலேயே வந்துகொண்டிருந்தால், ஒலிக் குறியைத் தட்டி வெளியீட்டைத் தொலைக்காட்சிக்கு மாற்ற வேண்டும். துணைத்தலைப்பின் கீழ் வரி வெட்டுப்பட்டால் குறை அடாப்டரில் இல்லை. சாம்சங் தொலைக்காட்சியில் ‘ஃபிட் டு ஸ்கிரீன்’, எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்ற அமைப்பு அதைச் சரிசெய்துவிடும்.

கம்பியில்லாமல் அனுப்பும் கருவிகள் இருக்க இது எதற்கு என்று கேட்கலாம். விடுதி வைஃபையில் அறை எண்ணைக் கொடுத்து நுழையும் பக்கத்தை அக்கருவிகள் பலவற்றால் தாண்ட முடிவதில்லை. கேபிளுக்கு இணையமே வேண்டாம். ஆனால் படத்தை முன்பே தரவிறக்கியிருக்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் 2024இல் வெளியிட்ட புதிய விண்டோஸ் செயலியில் தரவிறக்கும் வசதியை நீக்கிவிட்டதால், அதன் சந்தாதாரர்களுக்கு இந்த லாபம் கிடையாது.

மூன்றாம் துளையான சார்ஜர் துளைக்காகவே நான் இந்த அடாப்டரைத் தேர்ந்தெடுத்தேன். ஒற்றைத் துளை மட்டுமுள்ள மெல்லிய மடிக்கணினியில் அது இல்லாமல் மூன்று மணி நேரத் தமிழ்ப் படத்தை முடிப்பது மின்கலத்தின் தயவைப் பொறுத்தது. குறை என்று சொன்னால், படம் பாதி ஓடுவதற்குள் பெட்டி நன்றாகவே சூடேறிவிடுகிறது. கம்பியும் குட்டையாக இருப்பதால், மடியில் வைத்துப் பார்த்தால் நீளக் கேபிளின் எடை முழுவதும் மடிக்கணினியின் துளையில் தொங்குகிறது. சற்று அசைந்தாலும் படம் ஒரு கணம் போய் வருகிறது. மேசை மீது வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.